சுரண்டைக்கு முந்திப் போன மிஷின்

ஜூலை 24, 1961. திங்கள். தென்காசி.

விடியற்காலையிலிருந்து சாரல். கொடியில் கிடக்கும் புடவை இரண்டும் நேற்றைப் போலவே ஈரம். கோபுர வாசல் பக்கம் போனால் காற்று குடையைப் பிடுங்குகிறது. ஒரு கம்பி வளைந்தாயிற்று. இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வாங்க வேண்டும்.

தையல் வகுப்பு இன்று ஆரம்பம். இடம், ஏஜெண்ட் அண்ணாச்சியின் நூல்கடைப் பின்கட்டு. கடையில் அவருக்கு நூல், பித்தான், லேஸ் வியாபாரம். எங்கள் கம்பெனி தையல் மிஷினுக்கும் இந்த ஊரில் ஏஜெண்ட் அவர்தான். மாடியில் எனக்கு ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் மலை. மூடினாலும் மலை வாசனை.

மேனேஜர் கடிதத்தை மறுபடி படித்தேன். ஆடியில் எவனும் புதுச் சாமான் வாங்க மாட்டான், தென்காசி முகாம் வீண் செலவு, மதுரைக்கு வந்து ஷோரூமில் உட்காருங்கள் என்கிறார். உட்காருவதாம். நாற்காலியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குக் காலும் வீங்கும், மூஞ்சியும் வீங்கும். ஊர் ஊராகப் போவதுதான் எனக்குச் சோறு இறங்குகிற வழி. பதில் எழுதிப் போட்டேன்: ஆடி முடிவதற்குள் ஒன்றாவது விற்றுக் காட்டுகிறேன், இல்லாவிட்டால் வாயைத் திறக்காமல் வந்து உட்காருகிறேன்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. முதல் ஆடிக்குப் புதுப்பெண்கள் எல்லாம் அம்மா வீட்டில். மாசம் முழுக்க என்ன செய்வார்கள்? பல்லாங்குழி எத்தனை நாள் ஆட முடியும்? அத்தனை பேரும் இப்போது என் பின்கட்டில். மருதாணிக் கை, புது மஞ்சள் கயிறு, ஓயாத சிரிப்பு.

முதல் பாடம் நூல் இல்லாமல். கோடு போட்ட காகிதத்தில் ஊசி கோட்டின் மேலேயே போக வேண்டும். எல்லோரும் வழக்கம்போல் காலை மாற்றி மிதித்துச் சக்கரத்தைப் பின்னால் சுற்றினார்கள். ஒருத்தி மட்டும் நேராக ஓட்டினாள். பெயர் கோமதி.

ஜூலை 26. புதன்.

கரி வாங்கியாயிற்று. காப்பி இந்த ஊரில் நன்றாக இருக்கிறது. தண்ணீரும் நல்ல தண்ணீர்.

கோமதி இந்த ஊர்ப் பெண். வாக்கப்பட்டது சுரண்டையில், மிளகாய் வத்தல் மண்டிக்காரர் வீட்டில். வைகாசியில் கல்யாணம். கை அப்படி ஒரு கை. நான் கோயில் தூணிலிருந்து பார்த்து வரைந்து வைத்திருந்த கொடியைக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் துணியில் போட்டுவிட்டாள். எனக்கு உள்ளூரப் பொறாமை. சந்தோஷமும்தான்.

ஊருக்கு ஒரு பூ வேலை என்பது என் வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே கண்ணில் பட்ட ஒன்றை வரைந்து எடுத்துக்கொள்வது. அச்சன்புதூரில் ஒரு வாசல் கோலம். செங்கோட்டையில் ஒரு மலையாளத்தம்மா முண்டின் கரை. இது இல்லாவிட்டால் பஸ் ஏறி இறங்குவது வெறும் அலைச்சல்.

ஜூலை 27. வியாழன்.

விற்றாயிற்று. விற்றாயிற்று.

கோமதியின் அம்மா வகுப்பைப் பார்க்க வந்தாள். ஆடிச் சீருக்கு என்ன கொடுப்பது என்று அவளுக்கு ஒரே மண்டையிடி. வெள்ளி, பித்தளை எல்லாம் கல்யாணத்திலேயே போய்விட்டது. என் வாய் சும்மா இருக்குமா. மகள் தைக்கிற அழகைப் பாருங்கள், மிஷினையே சீராகக் கொடுங்கள், ஊரில் யாரும் கொடுக்காத சீர் என்றேன். கோமதியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அம்மாக்காரி வீட்டுக்குப் போய்ப் புருஷனைக் கேட்டு, விளக்கு வைக்கும் முன் திரும்பி வந்து சரி என்றாள்.

அண்ணாச்சி மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தார். நாலு தின்றேன். விரலெல்லாம் கறை.

ஜூலை 29. சனி.

சுறுசுறுப்பு என்றால் இது. மதுரையிலிருந்து ரயிலில் வந்த மிஷினை நான் அண்ணாச்சி கடைக்கே கொண்டுவரவில்லை. ஸ்டேஷனிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு, அப்படியே சுரண்டை பஸ் மேல். மண்டிப் பெயர் சொன்னால் கண்டக்டரே இறக்கிக் கொடுத்துவிடுவார். கோமதி ஆவணி பிறந்துதான் போவாள். மிஷின் முந்திப் போய் இருக்கட்டுமே. இல்லாவிட்டால் இங்கே ஏற்றி, அங்கே இறக்கி, மறுபடி ஏற்றி, எத்தனை கூலி, எத்தனை உரசல்.

கம்பெனி அச்சடித்து அனுப்பிய விளம்பர அட்டை ஒன்றையும் மிஷின் முகப்பில் நானே கட்டிவிட்டேன். சிவப்பில் பெரிய எழுத்து: தையல் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள். சுரண்டை பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் படிப்பார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஜூலை 30. ஞாயிறு.

வேதக்கோயிலுக்குப் போய் வந்தேன். பிரசங்கம் நீளம். பாளையங்கோட்டைக்குத் தங்கச்சிக்குக் கடிதம். செருப்பு வார் தைக்கக் கொடுத்தது. மத்தியானம் நல்ல தூக்கம். மாதக் கடைசி ரிப்போர்ட்டை மனசுக்குள்ளேயே எழுதிப் பார்த்துக்கொண்டேன். தென்காசி, ஆடி மாதம், விற்பனை ஒன்று. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஜூலை 31. திங்கள்.

ரிப்போர்ட் எழுதவில்லை.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கோமதியின் அம்மா வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. சுரண்டையிலிருந்து சம்பந்தியம்மாள் ஆள் விட்டிருக்கிறாள். மிஷின் பஸ் மேலே மிளகாய் மூட்டையோடு மூட்டையாகப் போய் இறங்கியிருக்கிறது. அட்டையை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் உரக்கப் படிக்க, கூட்டம் கூடிவிட்டதாம். மண்டிக்காரர் வீட்டு மருமகள் சம்பாதிக்க வருகிறாள் என்று தெருவெல்லாம் பேச்சு. வந்த ஆள் சொன்னதை அம்மாக்காரி அப்படியே சொன்னாள்:

"'சம்பாதிச்சுப் போடப் பொண்ணு வேணும்னு நாங்க கேக்கலியே. சீர்னா பொண்ணோட, தாம்பாளத்தோட, நாலு பெரியாளோட வரணும். இது சீரா, பார்சலா? அவ அங்கனயே இருந்து சம்பாதிக்கட்டும்'னு சொல்லி விட்டிருக்காவ, டீச்சரம்மா."

கோமதி மிஷினை விட்டு எழவில்லை. காலை மிதித்துக்கொண்டே இருந்தாள்; ஊசியில் நூல் அறுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

எங்கள் வீடுகளில் ஆடி கிடையாது, சீர் முறைமையும் வேறே. அது ஒரு சாக்கா? ஊர் வழக்கத்தை வைத்துத்தானே வியாபாரம் பண்ணினேன். பாதியைத் தெரிந்துகொண்டு மீதியைக் கேட்காமல் விட்டது என் அவசரம். ரிப்போர்ட்டுக்காக ஓடின ஓட்டம். அண்ணாச்சி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பித்தானை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் புருஷன் வீடு போய்ச் சேர்ந்தால்தான் இது விற்பனை. அதுவரைக்கும் இல்லை.

ஆகஸ்ட் 1. செவ்வாய்.

செவ்வாயும் அதுவுமாகப் போகாதீக என்று அண்ணாச்சி தடுத்தார். கேட்கவில்லை. காலை பஸ்ஸில் சுரண்டை. சுந்தரபாண்டியபுரம் தாண்டினதும் வெயில். மலை பின்னால் போகப் போகச் சாரலும் நின்றுவிடுகிறது.

சம்பந்தியம்மாள் பெயர் சண்முகவடிவு. நீளம்; இனி ச.வ. ஐம்பது வயது இருக்காது. நல்ல உயரம், எண்ணெய் தடவி இறுக்கிய கொண்டை. சண்டை போடுவாள் என்று தயாராகப் போனேன். போடவில்லை. உட்காரச் சொன்னாள், காப்பி தந்தாள், மன்னிக்க வேண்டும் என்று நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டாள், சாப்பிட்டுப் போங்க என்றாள். ஒரு வார்த்தை பிடி கொடுக்கவில்லை. மிஷின் முன்கட்டில் நிற்கிறது. மேலே மிளகாய்ச் சாக்கு. ஆனால் சாக்கின் ஒரு முனை மடங்கிக் கிடந்தது, அடிக்கடி யாரோ தூக்கிப் பார்க்கிற மாதிரி.

பஸ்ஸுக்கு நிற்கையில் மாப்பிள்ளைப் பையன் ஓடி வந்தான். மண்டித் தும்மல் இன்னும் நிற்கவில்லை அவனுக்கு. அம்மா வெள்ளிக்கிழமை குத்தாலத்துக்குக் குளிக்க வருவாள், வீட்டில் பேசாததை அங்கே பேசுவாள் என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ நல்லாச் சாப்பிடுதாளா?" என்று கேட்டான். சாப்பிடுகிறாள் என்று பொய் சொன்னேன்.

ஆகஸ்ட் 2. புதன்.

ஆடிப் பதினெட்டு. வகுப்பு இல்லை. அண்ணாச்சி வீட்டிலிருந்து சித்ரான்னம் வந்தது: தேங்காய், எலுமிச்சை, புளி. மூன்றையும் காலி பண்ணினேன். கவலை இருந்தால் எனக்குப் பசி கூடுகிறது, தங்கச்சிக்கு நேர்மாறு.

ஆகஸ்ட் 4. வெள்ளி. குற்றாலம்.

இதை விவரமாக எழுத வேண்டும்.

அதிகாலையிலேயே போய்விட்டேன். அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் தள்ளுமுள்ளு. ச.வ. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றாள், கூட ஒரு வேலைக்காரி. என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பவில்லை. அருவிக்கடியில் யாருக்கும் யாரும் பெரியவர் இல்லை. கால் வழுக்கினால் பக்கத்தில் இருக்கிற கையைப் பிடிக்கத்தான் வேண்டும். நான் வழுக்கினேன். அவள் பிடித்தாள். வேண்டுமென்றே வழுக்கவில்லை, சத்தியமாக.

குளித்து முடித்துப் பாறையில் தலை உலர்த்தினோம். வேலைக்காரி தோசைப் பொட்டலத்தைப் பிரித்தாள். ச.வ. கேள்வி மேல் கேள்வி. எங்கே படுக்கிறேன், யார் சோறு போடுகிறார்கள், ராத்திரி பயமில்லையா, கல்யாணம் ஏன் வேண்டாமென்றேன், ஊர் ஊராகப் போகிறவளை யாரும் ஒன்றும் சொல்வதில்லையா. சொல்வார்கள் என்றேன். பிறகு ஏன் போறீக என்றாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். பிடித்திருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்று முழுக்கச் சந்தோஷம். போன ஊரில் ஒருத்திக்குத் தைக்கத் தெரியாது, நான் கிளம்பும்போது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

அவள் ஈரத்தலையைத் தட்டி முடிந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அட்டை கெடக்குது டீச்சர், ஊரு ரெண்டு நாள் சிரிக்கும், மறந்துரும். ஆனா என் வீட்டுக்குள்ள ஒரு சாமான் வந்து நிக்கி. அதுல கை வைக்க எனக்குத் தெரியாது. நேத்து வந்தவளுக்குத் தெரியும். நாளைக்கு அக்கம்பக்கத்துக்காரி எல்லாம் அவளத் தேடி வருவா. நான் அடுப்படியில காப்பி போட்டுக்கிட்டு நிக்கணும். நிக்கணுமா?"

இத்தனை ஊரில் இத்தனை மிஷின் விற்றிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி என் புத்திக்கு எட்டினதில்லை. நான் பார்த்ததெல்லாம் வாங்குகிற வீட்டில் தைக்கிறவளை மட்டும்.

உங்களுக்குச் சொல்லித் தரட்டுமா என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆடி முடிய இன்னும் நாள் இருக்கே என்றாள். மத்தியானம், மண்டி ஆட்கள் தூங்குகிற நேரம். யாருக்கும் தெரியக் கூடாது, கோமதிக்கு முக்கியமாக. சரி, கோமதியை எப்போது அழைப்பீர்கள் என்றதற்கு, கத்துக்கிட்ட பொறவு பாப்போம் என்று எழுந்துவிட்டாள்.

பாப்போம் என்றால் அழைப்பதாகவும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

ஆகஸ்ட் 7. திங்கள்.

காலை வகுப்பு தென்காசி. மத்தியானம் சுரண்டை. இருட்டுவதற்குள் திரும்பல். பஸ்ஸிலேயே சாப்பாடு, இட்லி, மிளகாய்ப்பொடி. கண்டக்டர் இப்போது எனக்கு ஜன்னலோரம் வைத்துவிடுகிறார்.

ச.வ. காலை மாற்றி மிதிக்கிறாள். சக்கரம் பின்னால் சுற்றுகிறது. "சவத்து மூதி" என்று மிஷினைத் திட்டினாள். கோடு போட்ட காகிதத்துக்குப் பதில் மண்டிப் பழைய சீட்டுகளைக் கிழித்துக் கொண்டுவந்து ஓட்டுகிறாள். கோடு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். விடுவதாக இல்லை.

ஆகஸ்ட் 9. புதன்.

கோமதிக்குத் தையல் கெடுகிறது. பூ வேலையில் போட்ட இலையைப் பிரிக்கிறாள், மறுபடி போடுகிறாள். மற்றப் பெண்களை எல்லாம் புருஷன் வீட்டிலிருந்து எப்போது கூட்டிப் போவது என்று கேட்டு ஆள் வருகிறது. இவளுக்கு மட்டும் இல்லை. இன்று எல்லோரும் போன பிறகு நின்றாள். டீச்சர், மிஷின்தான் காரணமென்றால் எனக்கு மிஷின் வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிக்கு வந்தது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். பொறு என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு உதவாக்கரை வார்த்தை.

மேனேஜரிடமிருந்து தபால். ரிப்போர்ட் எங்கே?

ஆகஸ்ட் 11. வெள்ளி.

ச.வ. நேராக ஓட்டிவிட்டாள். தலையணை உறை ஒன்று, நாலு பக்கமும். முடித்ததும் அதை வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரித்தபோது முன்பல் ஒன்று கோணல் என்று தெரிந்தது. இதுவரை அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அலைச்சல் அதிகம்தான். கால் வலி. ஆனாலும் பஸ்ஸில் வரும்போது எனக்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 14. திங்கள்.

மழை இங்கே விட்டுவிட்டது. புடவை காய்ந்தது, பெரிய விஷயம்.

கோமதி வகுப்புக்கு வரவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினாள்.

சுரண்டையில் ச.வ. தனக்கு ஒரு ரவிக்கை வெட்டியிருக்கிறாள். ஒரு கை மேலே ஏறிவிட்டது. பரவாயில்லை, முந்தானை மூடிக்கொள்ளும் என்கிறாள். இன்று பாடம் ஒன்றும் பாக்கியில்லை. நூலை மேலிருந்து ஒவ்வொரு வளையமாக இறக்கி ஊசியில் கோப்பது அவளுக்கு அத்துபடி. கண்ணை மூடிக்கொண்டு கோத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினாள். கோத்தாள். நம்பவில்லையே நீங்க என்று மறுபடி கோத்தாள்.

கிளம்பும்போது கேட்டேவிட்டேன். கோமதியை அழைக்கப் போகிறீர்களா, இல்லையா? அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. நான் செய்த தப்புக்கு அவளை ஏன் நிறுத்துகிறீர்கள்?

முகம் மறுபடி முதல் நாள் முகமாகிவிட்டது. "எல்லாத்துக்கும் அவசரம் உங்களுக்கு," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

இன்னும் ஒரு தடவை அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்தேனோ. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் ஒன்றையும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15. செவ்வாய்.

கொடியேற்றம் பார்க்க அண்ணாச்சி கூப்பிட்டார். போனேன். மிட்டாய் கொடுத்தார்கள். மதுரை ஷோரூம் நாற்காலி கண்முன் வந்து வந்து போனது. அதுகூடப் பெரிதில்லை. கோமதி வீட்டைத் தாண்டி வரும்போது கதவு சாத்தியிருந்தது.

ஆகஸ்ட் 16. புதன்.

ஆள் வந்துவிட்டது. மாப்பிள்ளையே வந்தான், புது வேட்டி, கையில் பழம், பூ. ஆவணி முதல் நாள் வியாழக்கிழமை நல்ல நாள், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். கோமதியின் அம்மா தெருவென்றும் பாராமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூடவே ஒரு வார்த்தை: டீச்சரையும் கூட்டிட்டு வாங்க. அது ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மாக்காரிக்குப் பயம், அங்கே வைத்து எல்லோருக்கும் சேர்த்து ஏதாவது சொல்வாளோ என்று. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 17. வியாழன். சுரண்டை.

தாம்பாளம், தேங்காய், மஞ்சள், பெரியவர்கள் நாலு பேர், எல்லாம் முறைப்படி. நான் கடைசியில் நடந்தேன். தெருவில் கதவுக்குக் கதவு பெண்கள் நின்று பார்த்தார்கள். கோமதி தலை நிமிரவில்லை. அவள் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

முன்கட்டில் சாக்கு இல்லை. மிஷினில் ச.வ. உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள், அந்த ஒரு கை ஏறின ரவிக்கையைப் போட்டுக்கொண்டு. வாசலில் நின்ற அக்கம்பக்கத்துக்காரிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கோமதி படியில் அப்படியே நின்றுவிட்டாள். மாமியார் கால் மிதிக்கிற ஒழுங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உன் மிஷின் இனி உனக்கில்லை என்று சொல்லத்தான் இத்தனை பேரை வரச் சொன்னாளோ?

ச.வ. ஓரத்தை முடித்தாள். நூலை அறுத்தாள். நூல்கண்டை மாற்றினாள். புது நூலின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு மிஷினை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"ஏட்டி கோமதி, கால கழுவிட்டு இங்கன வா. இந்த நூல எப்படிக் கோக்கணும்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது. வந்து காட்டு."

நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை.

கோமதி காலைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். பெஞ்சில் பாதியை விட்டு ச.வ. நகர்ந்து கொடுத்தாள். நுனியைப் பல்லில் கடித்துத் திருத்தி, "இங்கன பாருங்க அத்தை, மேலேருந்து வரணும்," என்று கோமதி ஒவ்வொரு வளையமாகக் காட்ட, ச.வ. ஒன்றும் தெரியாதவளைப் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.